மூணாம் நாள் நடை: வடலூர்லேருந்து மேட்டுக்குப்பம் வரைக்கும்

போன பதிவுல மல்லாட்டை விதைப்பு பத்தி எழுதியிருந்தேன். (வேர்க்கடலையத்தான் எங்க பக்கம் மல்லாட்டைன்னு சொல்லுவோம். புதுசா படிக்க வர்றவங்களுக்காகச் சொல்றேன்.) இந்தத் தடவை விவசாயம் இல்லை, நடை. டாக்டர் சொல்லிட்டாருன்னு பார்க்கைச் சுத்துற நடை இல்லீங்க. ஒரு கூட்டம் சேர்ந்து காலையில கிளம்பி, வயலும் ஓடையும் ஊருமா கடந்து, மத்தியானத்துல போய்ச் சேர்ற நடை. நெய்வேலி டவுன்ஷிப்புக்குக் கிழக்கால சுமார் 10 கிலோமீட்டர் தூரத்துல வருஷா வருஷம் அப்படி ஒண்ணு நடக்குது. அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல பழைய ஒரு கதை இருக்கு.

வடலூர் தைப்பூசம் எல்லாருக்கும் தெரியும். சத்திய ஞான சபையில ஏழு திரையையும் விலக்கி ஆறு காலம் ஜோதி காட்டுவாங்க. காலையில 6 மணிக்கு முதல் ஜோதி, மறுநாள் விடியக்காலம் 5.30-க்குக் கடைசி ஜோதி. லட்சக்கணக்குல ஜனம் வரும், டி.வி.யிலயும் காட்டுவாங்க. பார்த்து முடிச்சதும் பெரும்பாலானவங்க பஸ் ஏறிடுவாங்க. ஆனா பூசத்தையும் சேர்த்து எண்ணினா மூணாம் நாள் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு வள்ளலார் புழங்கின பொருளெல்லாம் வச்ச பேழையைப் பூப்பல்லக்குல ஏத்தி, வடலூர்லேருந்து மேட்டுக்குப்பத்துக்குத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. பார்வதிபுரம், செங்கால் ஓடை, நைனார்குப்பம், கருங்குழி, அப்புறம் மேட்டுக்குப்பம். வள்ளலார் நடந்து போன வழின்னு ஜனங்க சொல்ற வழி இது. பல்லக்குக்குப் பின்னாலேயே கூட்டம் நடக்கும். மத்தியானம் 12 மணிக்கு மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்துல திருவறை தரிசனம். சாயங்காலம் 6 மணியோட முடியும்.

எனக்கு இந்த நடையில பக்தியைத் தாண்டியும் ஒரு விஷயம் தெரியுது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

யார் நடந்த வழி

ராமலிங்க அடிகள் பிறந்தது 1823 அக்டோபர் 5, மருதூர்ல. அதுவும் இதே வட்டாரம்தான். சின்னப் பிள்ளையில சென்னைக்குப் போயிட்டாரு, வளர்ந்தது பாடினது எல்லாம் அங்கதான். 1858 வாக்குல பட்டணத்தை விட்டுட்டு இந்தப் பக்கம் வந்தாரு. வந்து தங்கினது கருங்குழியில, மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டுல. தண்ணியில விளக்கு எரிஞ்சதுன்னு சொல்றாங்களே, அது இந்த வீட்டுலதான். வீடு இன்னைக்கும் இருக்கு. நம்புறவங்க நம்பட்டும், நம்பாதவங்க ஒரு மணியக்காரர் வீட்டுத் திண்ணை எப்படி இருக்கும்னு பார்த்துட்டு வரட்டும்.

பட்டணத்தை விட்டு ஊருக்குத் திரும்பி வந்த ஆளுன்னு நினைச்சுப் பார்த்தா, நம்ம வாசகர்கள்ல சில பேருக்கு அவர் ரொம்பக் கிட்டத்துல வந்துடுவாரு. அப்போ இந்தப் பக்கம் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சிதம்பரத்துக்குப் போகணும்னா நடை, கருங்குழியிலேருந்து வடலூருக்கு வரணும்னாலும் நடை. ஒரு மனுஷன் தலையில முக்காடா ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுக்கிட்டு நம்ம வரப்பு மேல போயிக்கிட்டே இருந்தாருங்கிறதுதான் எங்க ஊர்ப் பக்கத்து ஞாபகம்.

1866-ல மெட்ராஸ் மாகாணத்துல பஞ்சம். அந்தக் காலத்துல பஞ்சம்னா ரோட்டுலயே ஜனம் விழுந்து சாகும். மழை இல்லைன்னா வேலை இல்லை, வேலை இல்லைன்னா கூலி இல்லை, ஜனம் ஊரை விட்டுக் கிளம்பி நடக்கும். அப்படி நடந்து வர்றவங்களுக்கு ஒரு இடத்துல சோறு வேணும். பார்வதிபுரத்து ஜனங்க 80 காணி நிலத்தைக் கொடுத்தாங்க. ஒரு காணிங்கிறது 1.32 ஏக்கர், அப்ப கிட்டத்தட்ட 106 ஏக்கர். 1867 மே 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலை ஆரம்பமாச்சு. அன்னைக்குப் பத்த வச்ச அடுப்பு இன்னைக்கும் அணையலை. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். பக்கத்துல போய் நின்னா அனல் முகத்துல அடிக்கும்.

இதை நான் விவசாயியா யோசிப்பேன். 80 காணி கொடுத்தவங்க ஜமீன்தாருங்க இல்லை, ஊர்க்காரங்க. பஞ்ச காலம் முடிஞ்சும் முடியாத நேரத்துல, மானாவாரி பூமியா இருந்தாலும், 80 காணியை விட்டுக் கொடுக்கணும்னா ஊர்க்கூட்டத்துல எத்தனை பேச்சு நடந்திருக்கும்! எங்க ஊர்ல மூணு அடி வரப்புக்கு மூணு தலைமுறையா கேஸ் நடக்குது.

1870-ல அவர் மேட்டுக்குப்பத்துக்குக் குடி போனாரு. அங்க தங்கின இடத்துக்குச் சித்தி வளாகம்னு பேரு வச்சாரு. சபை வடலூர்ல 1872 ஜனவரி 25-ல திறந்தாச்சு, ஆனா அவர் இருந்தது மேட்டுக்குப்பத்துல. 1873 அக்டோபர் 22-ல அங்கதான் மஞ்சளும் வெள்ளையுமா சன்மார்க்கக் கொடியைக் கட்டிப் பேசினாரு. அதைப் பேருபதேசம்னு சொல்லுவாங்க. 1874 ஜனவரி 30 ராத்திரி அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. அப்புறம் யாரும் அவரைப் பார்க்கலை. 1878-ல கார்ஸ்டின்ங்கிற வெள்ளைக்காரர் எழுதின தென்னாற்காடு ஜில்லா மேனுவல்லயும் இந்தச் சங்கதி பதிவாகியிருக்கு. அதாவது நாலே வருஷத்துல சர்க்கார் புஸ்தகத்துல ஏறிடுச்சு.

இப்ப வழியைப் பாருங்க. கருங்குழியில ஒன்பது வருஷம் சொச்சம், வடலூர்ல மூணு வருஷம், மேட்டுக்குப்பத்துல நாலு வருஷம். ஒரு மனுஷனோட கடைசிப் பதினாறு வருஷமும் ஒரு பொழுதுல நடந்து முடிக்கிற தூரத்துக்குள்ள இருக்கு. மூணாம் நாள் நடக்கிற கூட்டம் அந்தப் பதினாறு வருஷத்தைத்தான் அரை நாள்ல நடந்து முடிக்குது.

நடக்கும்போது என்ன தெரியும்

தை மாசக் கடைசியில இந்த வட்டாரம் நடக்கிறதுக்கு நல்ல பூமி. சம்பா அறுவடை சில வயல்ல முடிஞ்சிருக்கும், சில வயல்ல கதிர் சாய்ஞ்சு நிக்கும். அறுத்த வயல்ல உளுந்து விதைச்சு ரெண்டு இலை விட்டிருக்கும். பனி இறங்கின வரப்புல காலை வச்சா சில்லுன்னு இருக்கும். ஒன்பது மணிக்கு மேல வெயில் ஏற ஆரம்பிக்கும்.

பட்டணத்துலேருந்து வர்றவங்க மண்ணைக் கவனிங்க. நெய்வேலியும் அதுக்கு மேற்கு, வடக்குப் பக்கமும் செம்மண் மேடு. முந்திரியும் பலாவும் சவுக்கும் அதுலதான் வரும். பண்ருட்டிப் பலாவுக்குப் பேரு வாங்கிக் கொடுத்தது அந்தச் செம்மண்ணு. வடலூரைத் தாண்டித் தெற்கால போகப் போக பூமி சரியும், நெல்லு வயல் வர ஆரம்பிக்கும். இன்னும் தெற்கால போனா சேத்தியாத்தோப்பு, வீராணம் ஏரின்னு காவிரித் தண்ணி பாயற சீமை. மேட்டுப் பூமிக்காரனும் பள்ளத்துப் பூமிக்காரனும் சந்திக்கிற எல்லை இந்த நடை வழி. மேட்டுக்காரன் மூட்டையில முந்திரிக்கொட்டையும் மல்லாட்டையும் கொண்டு வருவான், பள்ளத்துக்காரன் நெல்லு கொண்டு வருவான். சந்தைக்குப் போன கால்தான் கோயிலுக்கும் போச்சு. பாதைங்கிறது அப்படித்தான் உண்டாகும்.

வழியில ஒவ்வொரு ஊர் எல்லையிலயும் ஜனங்க தட்டுல பழம், பூ வச்சுக்கிட்டுப் பல்லக்குக்காக நிப்பாங்க. தண்ணிப் பந்தல் இருக்கும், மோர் இருக்கும், கஞ்சி இருக்கும். யாரும் யாரையும் எந்த ஊரு, என்ன ஆளுன்னு கேக்க மாட்டாங்க. மத்த நாள்ல இதே ரோட்டுல அந்தக் கேள்வி கேக்காத டீக்கடை உண்டான்னு யோசிச்சுக்கிட்டேதான் நான் மோரைக் குடிப்பேன். சன்மார்க்கம்னு வள்ளலார் சொன்னதுல அந்த மோர்ப் பந்தலாவது மிச்சம் இருக்கு.

மேட்டுக்குப்பத்துல சித்தி வளாகம் தவிர தீஞ்சுவை நீரோடைன்னு ஒண்ணு இருக்கு. தண்ணி இல்லாத காலத்துல வள்ளலார் காட்டிக் கொடுத்த ஊற்றுன்னு சொல்லுவாங்க. நடந்து வந்த சூட்டுல அந்தப் பக்கம் போய்க் கொஞ்சம் உக்காருங்க.

மாமூல் வழிநடை பாத்தியம்

இப்ப சொந்தத் தொழில் பேச்சுக்கு வர்றேன். எங்க ஊர்ப் பக்கம் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் படிச்சா, நாலு எல்லை எல்லாம் சொல்லி முடிச்ச பிறகு ஒரு வரி வரும்: மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட. அதாவது நிலத்தை மட்டும் விக்கலை, அந்த நிலத்துக்குப் போற வழியில நடக்கிற உரிமையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன்னு அர்த்தம். ஏர் ஓட்டிக்கிட்டுப் போக, மாடு ஓட்டிக்கிட்டுப் போக, அறுத்த கட்டைத் தலையில சுமந்து வர, பொணத்தைத் தூக்கிக்கிட்டுப் போக. வழி இல்லாத வயலுக்கு மதிப்பு பாதிதான்.

இதுக்குச் சட்டமும் உண்டு. 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம். 20 வருஷம் பகிரங்கமா, தகராறு இல்லாம, விட்டுப் போகாம ஒரு வழியில நடந்து வந்திருந்தா, அந்த வழி மேல உரிமை உண்டாயிடும். இது நிலத்துக்காரன் தன் நிலத்துக்குப் போறதுக்கான சட்டம். ஊரே நடக்கிற வழிக்கு வழக்கம்னு ஒரு கணக்கு தனியா இருக்கு. கிராம வரைபடத்துல வண்டிப்பாதையைத் தனியா போட்டிருப்பான், அது புறம்போக்கு. ஆனா ஊர்ல ஜனம் நடக்கிற ஒத்தையடிப் பாதையில முக்காவாசி வரைபடத்துல கிடையாது. காலுக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

நடக்கிறவனுக்கு வேண்டியதைச் செஞ்சு வைக்கிறது நம்ம பெரியவங்களுக்குப் பழக்கம். சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருக்கீங்களா? ரெண்டு கல்லை நட்டு, மேல ஒரு கல்லைக் குறுக்க வச்சிருப்பாங்க. தலைச்சுமைக்காரன் யார் உதவியும் இல்லாமச் சுமையை அதுல இறக்கி வச்சு மூச்சு வாங்கலாம். வயித்துல பிள்ளையோட செத்துப் போன பொம்பளைங்க ஞாபகமா அதை வைப்பாங்க. அவ இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கனாவது இறக்கி வைக்கட்டும்னு. இப்ப ரோடு அகலப்படுத்துறப்போ அந்தக் கல்லு எதுக்குன்னு தெரியாமலே பிடுங்கிப் போட்டுடறாங்க.

வழிநடைக்காரனுக்குச் சோறு போடறதை அரசாங்கமே தடுத்தாலும் நம்ம ஜனம் விட்டதில்லை. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலேருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க ஒரு நூறு பேரோட நடந்தாரு. நடக்கிறவங்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தா தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டாரு. ஜனங்க சோத்துப் பொட்டலத்தை மரக்கிளையில கட்டித் தொங்க விட்டாங்க. மரத்துல தொங்குற பொட்டலத்தை யார் யாருக்குக் கொடுத்ததுன்னு எப்படிக் கேஸ் எழுதுறது?

சீமையில என்ன கதை

என் அக்கா பையன் இங்கிலாந்துல ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறான். அங்க ஞாயித்துக்கிழமை ஆனா பத்துப் பதினஞ்சு பேர் சேர்ந்து நாட்டுப்புறத்துல நடக்கப் போவாங்களாம். முதுகுல பை, கையில மேப்பு, பையில ரொட்டி. காலையில ஒரு ஊர்ல ஆரம்பிச்சு, ஆட்டுக் கழனி, கோதுமை வயல், ஆத்தங்கரைன்னு நடந்து சாயங்காலம் இன்னொரு ஊர்ல முடிப்பாங்க. போட்டோ அனுப்பிட்டு போன்ல சொன்னான்: "மாமா, அடுத்தவன் வயலுக்கு நடுவுலயே நடக்கிறோம், ஒருத்தனும் ஏன்னு கேக்கலை. வேலியைத் தாண்ட அவனே மரப்படி கட்டி வச்சிருக்கான்."

ஒரு விவசாயியா எனக்கு அது ஆச்சரியமா இருந்துச்சு. கிடைச்சதைத் தேடிப் படிச்சேன். அது சும்மா கிடைச்சது இல்லைன்னு தெரிஞ்சுது.

அங்கயும் ஊர்ப் பொது நிலம், மேய்ச்சல் நிலம் எல்லாம் ஒரு காலத்துல இருந்திருக்கு. 18, 19-ஆம் நூற்றாண்டுல பாராளுமன்றத்துல சட்டம் போட்டுப் போட்டே அதையெல்லாம் பெரிய நிலக்காரங்க வேலி அடைச்சுக்கிட்டாங்க. 1815-ல இன்னொரு சட்டம். ரெண்டு மாஜிஸ்ட்ரேட் சேர்ந்து 'இந்தப் பாதை அவசியமில்லை'ன்னு கையெழுத்துப் போட்டா பாதையை மூடிடலாம். அந்த மாஜிஸ்ட்ரேட்டுங்க யாருன்னா பெரும்பாலும் அதே நிலக்காரங்கதான்.

1932 ஏப்ரல் 24, ஒரு ஞாயித்துக்கிழமை. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிங்க நூத்துக்கணக்குல சேர்ந்து கிண்டர் ஸ்கவுட்ங்கிற மலை மேட்டுல ஏறினாங்க. அது டெவன்ஷயர் பிரபு பறவை சுடுறதுக்கு வச்சிருந்த இடம், வெளியாளு காலை வைக்கக் கூடாது. கூட்டத்துக்கு முன்னால நின்னது பென்னி ராத்மன்னு 20 வயசுப் பையன். காவலாளுங்களோட கைகலப்பாச்சு, அஞ்சு பேருக்கு ரெண்டு மாசத்துலேருந்து ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அதே 1932-ல அங்கயும் ஒரு சட்டம் வந்துச்சு: 20 வருஷம் ஜனம் தடையில்லாம நடந்த வழி பொது வழின்னு. நம்ம ஈஸ்மெண்ட் சட்டத்துல இருக்கிற அதே 20 வருஷம், பார்த்தீங்களா? 1949-ல போட்ட சட்டத்துப்படி ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள்ள இருக்கிற நடைபாதையை எல்லாம் வரைபடத்துல ஏத்தணும்னு ஆச்சு. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து இப்ப சுமார் 2,25,000 கிலோமீட்டர் பொது வழி கணக்குல இருக்கு. 2002-ல, 70-ஆவது வருஷக் கூட்டத்துக்கு அப்போதைய டெவன்ஷயர் பிரபுவே வந்து, எங்க தாத்தா காலத்துல நடந்தது தப்புன்னு மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அங்க உழவனுக்கு வச்சிருக்கிற விதி. வயலுக்குக் குறுக்க போற நடைபாதையை விதைப்புக்காக உழுதுக்கலாம், ஆனா 14 நாளைக்குள்ள குறைஞ்சது ஒரு மீட்டர் அகலத்துக்கு மறுபடி சரி பண்ணிக் கொடுக்கணும். பயிரு வளர்ந்து பாதையை மூடக் கூடாது. வயல் ஓரமா போற பாதையை உழவே கூடாது. விவசாயிக்கும் நடக்கிறவனுக்கும் ரெண்டு பேருக்கும் நியாயம் பண்ணின விதி இது. உழவே கூடாதுன்னு சொன்னா நான் எப்படிப் பொழைக்கிறது? உழுதுட்டு அப்படியே விட்டா அவன் எப்படி நடக்கிறது?

நெய்வேலியில போன வழிகள்

நம்ம பக்கத்துக் கணக்கு வேற மாதிரி. நெய்வேலிங்கிறது முதல்ல ஒரு சின்ன கிராமத்தோட பேருதான். 1935 வாக்குல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு போடறப்போ கறுப்பா ஒண்ணு வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, 1957 மே 20-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சாரு, 1961 ஆகஸ்ட்ல கரி கண்ணுல பட்டுச்சு, 1962-ல ரஷ்யா உதவியோட கரண்டு. தமிழ்நாட்டுல எத்தனையோ வீட்டுக்கு வெளிச்சம் இங்கிருந்துதான் போச்சு. என் கிணத்து மோட்டாரும் அந்தக் கரண்டுலதான் ஓடிச்சு, அதை மறந்து பேசக் கூடாது.

ஆனா இது தோண்டுற சுரங்கம் இல்லை, திறக்கிற சுரங்கம். கரிக்கு மேல இருக்கிற மண்ணை எல்லாம் அப்படியே வழிச்சு எடுக்கணும். மேல இருந்த ஊரு போகும், வயலு போகும், ஏரி போகும். கிராமம் கிராமமா ஜனம் இடம் மாறினாங்க. நிலத்துக்கு ஏக்கர் கணக்கு உண்டு, வீட்டுக்கு ஓடா கூரையான்னு கணக்கு உண்டு, மரத்துக்குக் கூட தலைக்கு இவ்வளவுன்னு உண்டு. பணம் பத்துச்சா பத்தலையாங்கிற சண்டை இன்னைக்கும் ஓயலை. அதுக்குள்ள நான் இப்ப போகலை. நான் சொல்றது வேற. வழிக்குக் கணக்கே கிடையாது. வண்டிப்பாதை புறம்போக்கு, அது சர்க்காருது. ஒத்தையடிப் பாதை வரைபடத்துலயே இல்லை. அப்ப யாருக்கு எதைக் கொடுக்கிறது?

வழி போச்சுன்னா என்ன போகும்? ரெண்டு ஊருக்கு நடுவுல இருந்த சம்பந்தம் போகும். நடந்து போற தூரத்துலதான் அந்தக் காலத்துல பொண்ணு கொடுத்தாங்க. அக்கா வீட்டுக்கு ஒரு வரப்பு, தாய்மாமன் வீட்டுக்கு ஒரு வரப்பு. எங்க பக்கத்துல எழுபது, எண்பது வயசுக்காரங்களைக் கேட்டா அந்த ஊருக்கு எந்தப் புளியமரத்துல திரும்பணும், எந்த ஓடையில இறங்கணும்னு இன்னும் கையை நீட்டிக் காட்டுவாங்க. காட்டுற பக்கம் பார்த்தா சுரங்கத்து மண்மேடு மலை மாதிரி நிக்கும். பஸ்ஸுல போனா அந்த மண்மேட்டைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும். கல்யாணத்துக்குச் சுத்திக்கிட்டுப் போவாங்க. சும்மா ஒரு சாயங்காலம் பார்த்துட்டு வர யாரு சுத்துவாங்க?

டவுன்ஷிப்ல ரோடெல்லாம் அடிக்கோல் வச்சுப் போட்ட மாதிரி நேரா இருக்கும், வட்டம் வட்டமா நம்பர் போட்டிருக்கும், ரெண்டு பக்கமும் நல்ல மரம். நடக்கிறதுக்கு அருமையான இடம், குறை சொல்ல முடியாது. ஆனா அந்த நேர்கோட்டுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் பழசு, வேலுடையான்பட்டு முருகன் கோயில். பங்குனி உத்திரத்தன்னைக்குச் சுத்துப்பட்டு ஜனமெல்லாம் காவடி எடுத்துக்கிட்டு அங்க வரும். நம்பர் போட்ட ரோட்டுல அன்னைக்கு ஒரு நாள் காவடி ஆடும். ஊரு போனாலும் கோயில் நின்னுச்சு, கோயில் நின்னதால ஜனம் நடந்து வருது.

வடலூர்ப் பெருவெளிக்கும் அதே கதை. 2024-ல அங்க வள்ளலார் பேருல சர்வதேச மையம் கட்ட அரசாங்கம் வேலை ஆரம்பிச்சப்போ பார்வதிபுரத்து ஜனம் எதிர்த்து நின்னுச்சு. மையம் வேற இடத்துல வரட்டும், பெருவெளி வெளியாவே இருக்கட்டும்னு கேட்டாங்க. அது கோர்ட்டு வரைக்கும் போன விவகாரம். அதுல யார் பக்கம் நியாயம்னு ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். நான் பார்க்கிறது ஒண்ணுதான். 80 காணி கொடுத்தவங்களோட பேரன் பேத்திங்க, 157 வருஷம் கழிச்சு, அது எதுக்காகக் கொடுத்ததுன்னு கேக்குறாங்க. கொடுத்த நிலத்தை இவ்வளவு காலம் ஞாபகம் வச்சிருக்கிற ஊரு எத்தனை இருக்கு? வருஷா வருஷம் அந்த நிலத்துல கூடி, அந்த நிலத்துலேருந்து நடந்து போறதாலதான் அந்த ஞாபகம் இருக்குன்னு நினைக்கிறேன். பத்திரத்துல மட்டும் இருந்திருந்தா எப்பவோ மறந்திருக்கும்.

மூணாம் நாள் நடையில எனக்குத் தெரியுற விஷயம் அதுதான். அங்க நடக்கிற யாரும் பாதையைக் காப்பாத்தணும்னு நடக்கலை. வள்ளலாருக்காக நடக்கிறாங்க. ஆனா அவங்க நடக்கிறதால பார்வதிபுரத்துலேருந்து மேட்டுக்குப்பம் வரைக்கும் எந்த இடத்துல எந்தப் பக்கம் போகணும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு யாராவது நடுவுல ஒரு வேலி போட்டா, மறு வருஷம் பல்லக்கு அந்த வேலி முன்னால வந்து நிக்கும். அங்க வெள்ளைக்காரன் வரைபடமும் சட்டமும் வச்சுக் காப்பாத்தினதை, இங்க ஒரு பல்லக்கு காப்பாத்திக்கிட்டு இருக்கு. பல்லக்கு போகாத வழிக்குத்தான் நாதி இல்லை.

வர்றவங்களுக்குச் சில குறிப்பு

சென்னையிலேருந்து வர்றதா இருந்தா கும்பகோணம் பஸ் வடலூர் வழியாத்தான் போகும், பண்ருட்டி தாண்டி வர்ற நாலுமுனைச் சந்திப்புல இறங்கிக்குங்க. காலையில தருமச்சாலையில கஞ்சியோ பொங்கலோ சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. செருப்புப் போட்டு நடந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தலைக்கு ஒரு துண்டு வச்சுக்குங்க. தண்ணி பாட்டில் வாங்காதீங்க, வழியெல்லாம் தண்ணி உண்டு. குடிச்ச டம்ளரை வயல்ல வீசாதீங்க, அடுத்த வாரம் உளுந்துக் கொல்லையில அதை நாங்கதான் பொறுக்கணும். வயலுக்குள்ள இறங்கிப் போட்டோ எடுக்கணும்னா வரப்பு மேல நில்லுங்க, பயிருல காலை வைக்காதீங்க. வரப்பு எல்லாருக்கும், பயிரு ஒருத்தனுக்கு.

வர முடியாதவங்க வீட்டுலயே ஒரு வேலை பண்ணலாம். தாத்தா காலத்துப் பத்திரம் ஏதாவது பீரோவுல இருந்தா எடுத்துப் படிச்சுப் பாருங்க. கடைசிப் பக்கத்துல மாமூல் வழிநடை பாத்தியம்னு இருக்கும். நிலத்தை வித்திருந்தாலும் பரவாயில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்போ, அந்த வழி இன்னும் இருக்கான்னு நாலு பேரைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை நடந்து பார்த்துட்டு வாங்க.